சங்குமுனை கேட்ட சீட்

சங்குமுனைக்குப் பிரிகிற விலக்கில் வேன் சட்டென்று நின்றது. பின்னால் கட்டியிருந்த ஃப்ரிட்ஜ் கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்துவிட்டதோ என்று பதறி, வில்பிரட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

ஃப்ரிட்ஜ் இருந்தது. எதிரே ரோடுதான் இல்லை. ரோடு இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பாலகணேஷ்?"

"மறியல் சார்," என்றார் டிரைவர். முத்தையாபுரத்துக்காரர். துறைமுகத்து லாரிகளுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்தவர். வழி அடைபடுவது அவருக்குப் புதிதல்ல. இன்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்தார்.

வில்பிரட்டுக்கு எரிச்சலாக வந்தது. அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான நாள் அது. சனிக்கிழமை கட்சி வேட்பாளர்களை அறிவித்தது. அவர் பெயர் இல்லை. வடக்குக் கடற்கரைத் தொகுதியை இந்தத் தடவை ஓர் உப்பள முதலாளியின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தவருக்கு அதைப் போனில்கூட யாரும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் மச்சினன் டி.வி.யில் பார்த்துவிட்டுச் சொன்னான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். மறுநாள் எழுந்து, "பதவி என்ன பெரிய பதவி? தூத்துக்குடியக் காலி பண்ணிட்டு நம்ம ஊருக்கே போவோம். கடைசி மூச்சு வரைக்கும் நம்ம சனத்தோட இருப்போம்" என்று மனைவி பிலோமினாவிடம் அறிவித்தார். வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லாவிட்டாலும் அவர் அறிவிக்கத்தான் செய்வார். சும்மா சொல்வது அவருக்கு வராது.

நேற்று ஊரின் மகளிர் குழுத் தலைவி விஜிலாவுக்கும் போன் போட்டிருந்தார். "நாளைக்கு வாரேன். வீட்டைக் கூட்டிப் போடச் சொல்லு. இனிமே நிரந்தரமா அங்கனதான்." விஜிலாவிடமிருந்து பேச்சே வரவில்லை. உணர்ச்சிவசப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, அந்த பேனர்ல உங்க பேரு மாதிரி இருக்கு," என்றாள் பிலோமினா. அவள் மடியில் மிக்ஸி இருந்தது. அதை மட்டும் பின்னால் ஏற்ற அவள் சம்மதிக்கவில்லை.

"திட்டியிருக்கானுவளா?"

"இல்ல. சீட்டு கேட்டு எழுதியிருக்கு."

வில்பிரட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'கட்சித் தலைமையே! எங்கள் வில்பிரட் அண்ணாச்சிக்கே சீட் கொடு! மருபரிசீலனை செய்!' இன்னொரு தடவை படித்தார். மறுபரிசீலனையில் இருந்த எழுத்துப் பிழைகூட அவருக்கு அழகாகத் தெரிந்தது.

"எனக்காகவா?" என்றார்.

"சனிக்கிழமையே சேதி வந்தாச்சு," என்றாள் பிலோமினா. "அப்பல்லாம் ஒருத்தரும் ரோட்டுக்கு வரல. இன்னைக்கு எதுக்கு வந்து உக்காந்திருக்காவ?"

"அதிர்ச்சியில உறைஞ்சு போயிருப்பாவ பிலோமி. துக்கம் மெதுவாத்தான் ஏறும்."

சங்குமுனை சின்ன ஊர். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் கிழக்கே திரும்பினால் ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்கள், மீன் பிடிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களுமாக நாலைந்து தெருக்கள். தெற்கே பெரியதாழைப் பக்கம் பெண் எடுக்கப் போனால், "சங்குமுனையா? அங்கன ஆளு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து சட்டசபைக்குப் போன ஒரே ஆள் வில்பிரட்.

அவரை அரசியலுக்கு இழுத்தது ஒரு பஸ். காலையிலும் மாலையிலும் ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ் மத்தியானமும் வர வேண்டும் என்று, கல்லூரி முடித்த கையோடு அதன் முன்னால் படுத்தார். அதிகாரிகள் யோசித்துப் பார்த்து, வம்பே வேண்டாமென்று பஸ்ஸையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வில்பிரட் கழுத்தில் மாலையோடு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். "அரசாங்கத்தையே யோசிக்க வச்சவன் நான்" என்று இன்றைக்கும் சொல்வார்.

அதற்கப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. வலை கிழிந்ததில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு என்றால் நடுவே போய் நியாயம் பேசுவார். அவர் பேசி முடிக்கும்போது தகராறு தெரு அளவுக்கு வளர்ந்து கோர்ட்டில் நிற்கும். கல்யாணம் என்றால் வாழ்த்துரை. பந்தியில் சோறு ஆறிப்போகும். சாவு என்றால் கல்லறையில் இரங்கலுரை. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நிற்பார்கள். பிறகு கட்சிக்கு ஒரு கடற்கரை ஆள் தேவைப்பட்டது. சீட் கிடைத்தது. ஜெயித்தார். குடும்பத்தைத் தூத்துக்குடியில் வைத்துவிட்டுச் சென்னைக்குப் போனார்.

அங்கேதான் அவர் வாய் அடைபட்டது. ஐந்து வருஷத்தில் சட்டசபையில் ஒரே ஒரு தடவைதான் பேச வாய்ப்பு வந்தது. கடல் கரையைத் தின்னாமல் இருக்கக் கல்லைக் கொட்டி நீட்டுவார்களே, தூண்டில் வளைவு, அது சங்குமுனைக்கு வேண்டும் என்று கேட்க எழுந்தார். கடலை வாழ்த்தி, கரையை வாழ்த்தி, தலைவரை வாழ்த்தி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். தூண்டில் வளைவு வரவில்லை. கடல் வந்தது. கோயிலுக்குக் கிழக்கே இருந்த தெரு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

அந்த ஊர்தான் இப்போது அவருக்காக வெயிலில் உட்கார்ந்திருந்தது.

வில்பிரட் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. விஜிலா கையில் மைக்கோடு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்கு இறங்குதிய? வண்டியத் திருப்புங்க. நேரா சென்னைக்குப் போய்க் கேளுங்க. இங்கன நாங்க பாத்துக்கிடுதோம்."

"ஏளா விஜிலா, எனக்காகவா இந்த வெயில்ல..."

"ஒங்களுக்காகத்தான் அண்ணாச்சி. வேற யாருக்காவ?" அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க சென்னையில இருக்கியன்னு நெனச்சாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்."

அதற்கு மேல் வில்பிரட்டால் தாங்க முடியவில்லை. பேசியாக வேண்டும் என்று மைக்குக்குக் கையை நீட்டினார். விஜிலா அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"தொண்டையக் கெடுத்துக்கிடாதிய அண்ணாச்சி. சட்டசபையில பேச வேணும்லா?"

மைக் இல்லாமலே பேசினார். கல்லறைத் தோட்டங்களில் பழகிய குரல் அது. விலக்கைத் தாண்டிக் கேட்டது.

"என் அருமைச் சொந்தங்களே! சீட்டு போனாப் போவுது. எனக்கு நீங்க போதும். இன்னையிலருந்து காலையில எந்திரிச்சா உங்க மூஞ்சியிலதான் முழிப்பேன். உங்க வீட்டு நல்லது, கெட்டது, சண்டை, சச்சரவு எல்லாத்துலயும் மொத ஆளா வந்து நிப்பேன். இது சத்தியம்! எந்திரிங்க, கலைஞ்சு போங்க!"

முன்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, மாதாவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அழுகை பின்வரிசை வரை ஓடியது. அதுவரை வேப்பமர நிழலில் பீடி குடித்துக்கொண்டு நின்ற ஆண்கள் பீடியைப் போட்டு மிதித்துவிட்டு ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் போய் ஓட்டை வள்ளம் ஒன்றை இழுத்து வந்து குறுக்கே போட்டார்கள்.

"கலைஞ்சு போங்கன்னா கூடுறாங்களே சார்," என்றார் பாலகணேஷ்.

"பாசம்யா," என்று வில்பிரட் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

விலக்கில் ஒரு செல்போன் டவர் உண்டு. அடுத்த கலவரம் அங்கே ஆரம்பித்தது. ரெக்ஸ் என்பவர் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தார். சங்கு குளிக்கிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கடலுக்கு அடியில் போய்ப் பழகிய மனிதருக்கு மேலே ஏறிப் பழக்கமில்லை என்பது அவர் கம்பிகளைக் கட்டிப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. பாதி உயரத்தில் நின்று கத்தினார்.

"அண்ணாச்சிக்கு சீட்டு குடுக்கணும்! இல்லாட்டா குதிச்சிருவேன்!"

போலீஸ் ஜீப் வந்தது. பெண் இன்ஸ்பெக்டர் பகவதி இறங்கி, டவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வேனில் இருந்த ஃப்ரிட்ஜையும் பார்த்தார்.

"சார், இதெல்லாம் உங்க ஏற்பாடுதானே?"

"ஏற்பாடா? தானா சேந்த கூட்டம்மா!"

"தானாவோ தூண்டியோ, அந்த ஆளு விழுந்தா கேஸு உங்க மேலதான். முதல்ல அவரை இறக்குங்க."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கட்சி மாவட்டச் செயலாளர் மந்திரமூர்த்தி. சனிக்கிழமையிலிருந்து வில்பிரட்டின் போனை எடுக்காதவர்.

"வே வில்பிரட்! என்ன நாடகம்வே நடத்துதீரு?"

"நாடகம் இல்ல அண்ணாச்சி. சனங்க."

"சனங்களா? உமக்கா?"

அந்தச் சந்தேகம் வில்பிரட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லாமல் போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். "கொடு கொடு, சீட்டைக் கொடு! அனுப்பு அனுப்பு, சென்னைக்கு அனுப்பு!" என்று ஊர் அடித்தொண்டையில் கத்தியது.

மந்திரமூர்த்தியின் குரல் இறங்கியது. "சரிவே. எலெக்‌ஷன் நேரம். மானத்த வாங்காதீரும். ஜெயிச்சதும் கடற்கரை மேம்பாட்டுக் குழுன்னு ஒண்ணு போடப் போறாவ. அதுக்கு உம்மத் தலைவராப் போடச் சொல்லுதேன். கார் உண்டு. கூட்டத்தைக் கலைச்சு விடும்."

"ஆபீஸ் எங்க?"

"எங்க வேணும்னாலும் வச்சிக்கிடும், எனக்கென்ன?"

வில்பிரட் ஜீப்பிலிருந்த ஒலிபெருக்கியை இன்ஸ்பெக்டர் தடுப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"மக்களே! உங்க போராட்டத்துக்கு முதல் வெற்றி! நான் கடற்கரை மேம்பாட்டுக் குழுத் தலைவர் ஆகப்போறேன். ஆபீஸ் வேற எங்கயும் இல்ல, நம்ம ஊர்லயே! கோயிலுக்கு எதுத்தாப்ல! தினமும் காலையில மக்கள் சந்திப்பு! சாயங்காலம் விளக்கக் கூட்டம்! மைக் செட்டு சர்க்கார் செலவு!"

டவரில் ரெக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினார். கீழே, பனை ஓலை நிழலில் மறியல்காரர்களுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானையை இரண்டு பெண்கள் அப்படியே தூக்கி மணலில் கவிழ்த்தார்கள். "சாகும்வரை உண்ணாவிரதம்!" என்று விஜிலா மைக்கில் சொன்னாள்.

"சார்," என்றார் இன்ஸ்பெக்டர் பகவதி, "நீங்க தயவு செஞ்சு கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

"பதவி சின்னதுன்னு அவங்களுக்குக் கோவம்மா," என்று விளக்கினார் வில்பிரட். "என்னைய மந்திரியாப் பாக்கணும்னு ஆசைப்படுதாவ."

பிலோமினா மிக்ஸியைப் பாலகணேஷிடம் கொடுத்துவிட்டுப் பெண்களோடு போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பஸ் திரும்ப வருதாம்," என்றாள். "விஜிலா டெப்போவுக்கு நடையா நடந்து கேட்டு வாங்கியிருக்கா. வலைக் கேஸையும் அவங்களே பேசி வாபஸ் வாங்கிட்டாவளாம். கிழக்குத் தெருக்காரங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வீடு போட்டுக் குடுத்திருக்காவ. எல்லாம் இந்த அஞ்சு வருசத்துல."

"எம்.எல்.ஏ. ஊருன்னு என் பேரைச் சொல்லியிருப்பாவ. காரியம் நடந்திருக்கும்."

பிலோமினா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பாலகணேஷிடமிருந்து மிக்ஸியை வாங்கி, அதில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

கடைசி வழியாக வில்பிரட் பங்குத்தந்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். இளவயது ஃபாதர். வில்பிரட் சென்னையில் இருந்த காலத்தில் ஊருக்கு வந்தவர். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, "உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஃபாதர், நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. பட்டினி கிடக்காங்க. நான் எங்கயும் போகல, இங்கனதான் இருக்கப் போறேன்னு எடுத்துச் சொல்லுங்க."

"நிஜமாவே இங்கதான் இருக்கப் போறீங்களா?"

"மாதா மேல ஆணையா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சனங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசலாம்னுகூட நெனச்சிருக்கேன். வாராவாரம்."

ஃபாதர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திப் பூட்டினார். அங்கியை ஒதுக்கிக்கொண்டு போய், உண்ணாவிரதக்காரர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார்.

வில்பிரட் அசந்துபோனார். முன்னே பின்னே பழகாத மனிதர். அவருக்கே இவ்வளவு அன்பா?

மத்தியானத்துக்கு மேல் டி.வி.க்காரர்கள் வந்தார்கள். ஸ்டெபி என்ற நிருபர் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் ஒரு அம்மாவிடம் மைக்கை நீட்டினாள்.

"உங்க எம்.எல்.ஏ. உங்களுக்கு என்ன செஞ்சாரு? எதுக்காக இப்படிப் பட்டினி கிடக்கீங்க?"

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தாள். பொய் சொல்லப் பிடிக்காதவள் போலிருக்கிறது.

"அஞ்சு வருசம் ஒரு தொந்தரவும் இல்லம்மா," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் அந்த அழுகை எல்லா வீட்டு டி.வி.யிலும் ஓடியது. 'தொந்தரவில்லாத ஐந்தாண்டு. சட்டமன்ற உறுப்பினருக்காகப் பட்டினி கிடக்கும் கடற்கரைக் கிராமம்' என்று கீழே எழுத்து ஓடியது. சென்னையில் கட்சித் தலைமை அதைப் பார்த்தது. எந்த எம்.எல்.ஏ.வுக்காகவும் எந்த ஊரும் ஒரு வேளை சோற்றை விட்டதாக அங்கே யாருக்கும் நினைவில்லை. இந்த ஆளை விட்டால் கடற்கரை ஓட்டு மொத்தமும் போய்விடும் என்று பயந்துபோனார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மந்திரமூர்த்தி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் மரியாதை இருந்தது.

"ஜெயிச்சிட்டீரு அண்ணாச்சி. உப்பளத்தாரு மருமகனை மாத்தியாச்சு. சீட்டு உமக்குத்தான். இப்பவே கிளம்பி வாரும், அறிக்கை விடணும்."

வில்பிரட் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே விஜிலாவுக்குப் புரிந்துவிட்டது. "கிடைச்சிட்டு!" என்று அலறினாள்.

அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த ஊர் கோயில் திருவிழாவில்கூடக் கண்டிருக்காது. வெடி வெடித்தது. ஃபாதர் விஜிலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டை வள்ளத்தை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். இளவட்டங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேனையே தள்ளி, முகத்தைத் தூத்துக்குடிப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். ஒருவர் ஃப்ரிட்ஜ் கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஒருத்தி பிலோமினாவின் கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைத் திணித்து, "போற வழியில வச்சிக்கிடுங்க மதினி, இருட்டுறதுக்கு முன்ன வெள்ளன கிளம்புங்க," என்றாள். டவரில் ரெக்ஸ் ஒவ்வொரு கம்பியாகக் காலால் துழாவிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். பகல் முழுக்க வெயிலில் நின்றதில் அவர் கால்கள் நடுங்கின.

வில்பிரட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கடல் பக்கம் திரும்பினார்.

கோயிலுக்குக் கிழக்கே, தெரு இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டின் சுவர் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அந்த வீட்டுக்காரியும் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அவருக்காக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. முப்பது வருஷ அரசியலில் தன்னைப் பற்றி அவர் உண்மையாக நினைத்த முதல் நினைப்பு அதுவாகத்தான் இருக்கும். வாழ்த்திப் பேசியே வாழ்க்கையைக் கழித்துவிட்டோம், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அப்படியிருந்தும் இந்தச் சனம் உயிரைக் கொடுக்க நிற்கிறதே. வெட்கத்தில் காது சுட்டது.

ஜீப் ஒலிபெருக்கியை எடுத்தார். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"சொந்தங்களே," என்றார் வில்பிரட். வழக்கமான குரல் இல்லை அது. மெதுவாக வந்தது. "நான் உங்களுக்கு ஒண்ணும் செய்யல. எனக்குத் தெரியும். தெருவக் கடல் கொண்டு போச்சு. நான் சென்னையில ஏ.சி. ரூம்ல தூங்கிட்டிருந்தேன். இனிமே அது நடக்காது. இந்த சீட்டு எனக்கு வேண்டாம்."

பிலோமினா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "என்னங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க. வாங்கிக்கிடுங்க. நான் சொல்லுதேன்ல, ஒரே ஒரு தடவை எம் பேச்சைக் கேளுங்க!"

"நீயும் பதவி ஆசைக்காரி ஆயிட்டியா பிலோமி?" என்று அவள் கையை மென்மையாக எடுத்துவிட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சீட்டு எனக்கு வேண்டாம். மருமகனுக்கே குடுத்திருங்க. குழுத் தலைவர் பதவியும் வேண்டாம். நான் என் சனத்தோட இருக்கப் போறேன்."

"நெசமாத்தான் சொல்லுதீரா?"

"மாதா மேல ஆணை."

"பொழச்சேம்வே," என்றது விலக்கு முழுக்கக் கேட்ட குரல். "மருமகன் இங்கனதான் அழுதுக்கிட்டு நிக்கான். இப்பவே சொல்லிருதேன். இனிமே மாத்தச் சொல்லிக் கேக்கக் கூடாது, பாத்துக்கிடும்." போன் வைக்கப்பட்டது.

வில்பிரட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ஓடி வந்து தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தார். விஜிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்லாருடைய தலைக்கும் மேலே, இறங்க இன்னும் நாலைந்து கம்பிகளே பாக்கி இருந்த இடத்தில் ரெக்ஸ் நின்றுவிட்டார். நடுங்குகிற காலைப் பார்த்தார். மேலே டவரின் உச்சியைப் பார்த்தார். வறண்டுபோன தொண்டையில் மிச்சமிருந்ததையெல்லாம் கூட்டிக் கத்தினார்:

"ஏ அண்ணாச்சி! அங்க போய்ப் பேசுவீருன்னா நாங்க ஓட்டுப் போட்டோம்? இங்கன இருக்க மாட்டீருன்னுதாம்வே போட்டோம்!"